ஒரே ஏற்பிக்கு இரு தடைகள்

நம் உடலின் உயிரணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் வேதிச் செய்திகளை வாங்கி உள்ளே அனுப்புவது அவற்றின் வேலை. அவற்றுள் ஒன்று ஹெர்-2. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, புற்று உயிரணுக்களில் இந்த ஏற்பி அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. ‘பிரிந்து பெருகு’ என்னும் கட்டளை ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்!

இதைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளிகளின் ஆயுள் நீண்டது. ஆனால் உடலெங்கும் பரவிவிட்ட நோய், சில மாதங்கள் அடங்கியிருந்து மீண்டும் வளர்வதே பெரும்பாலும் நிகழ்ந்தது.

ஹெர்-2 தனித்து இயங்குவதில்லை. ஹெர்-3 என்னும் உறவினருடன் கைகோத்தால் அதன் ஆற்றல் மிகும். ஹெர்-3-க்குக் காது உண்டு, குரல் இல்லை; ஹெர்-2-க்குக் குரல் உண்டு, காது இல்லை எனலாம். கைகோக்கும் இடத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும் மருந்துதான் பெர்டுசுமாப். டிராஸ்டுசுமாப் ஒட்டுவது வேறோர் இடத்தில். ஆகவே இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாமே?

தாளில் அழகாகத் தோன்றுவது உடலில் பலிக்குமா என்று பார்க்க, 2008-இல் ‘கிளியோபாட்ரா’ என்னும் சோதனை தொடங்கியது. (எகிப்திய அரசிக்கும் இதற்கும் தொடர்பில்லை!) நோய் பரவிய 808 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். டிராஸ்டுசுமாபும் டோசிடாக்செல் என்னும் மருந்தும் எல்லாருக்கும் உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகப் பெர்டுசுமாப். மற்றதற்கு அதே தோற்றமுள்ள போலி மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

உயிருக்குப் போராடுபவருக்குப் போலி மருந்தா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றிருந்த நல்ல சிகிச்சை எவருக்கும் மறுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கூடுதல் மருந்து நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது எவருக்கும் தெரியாதிருந்தது. இதயத் தசைக்கும் ஹெர்-2 தேவை. இரட்டைத் தடை இதயத்தைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சம் வெறும் கற்பனையன்று.

முடிவை எப்படி அளந்தார்கள்? சராசரியால் அன்று, கணக்குப் பாடத்தில் நீங்கள் படிக்கும் இடைநிலை அளவால். ஐந்து பேரில் நால்வருக்கு நோய் 3, 8, 12, 20 மாதங்களில் மீண்டும் வளர்ந்தது, ஐந்தாமவருக்கு இன்னும் வளரவில்லை என்று கொள்வோம். சராசரி காண முடியாது. இடைநிலையோ 12 என்று இப்போதே சொல்லிவிடலாம்.

அவ்வாறு அளந்ததில், நோய் வளராதிருந்த காலம் போலி மருந்துக் குழுவில் 12.4 மாதம், பெர்டுசுமாப் குழுவில் 18.5 மாதம். வயிற்றுப்போக்கு கூடியது, இதயக் கேடு கூடவில்லை. உயிர் வாழும் காலத்திலும் வேறுபாடு 2012-இல் உறுதிப்பட்டதும், மற்றக் குழுவில் நோய் முற்றாதிருந்தவர்களுக்கும் புதிய மருந்து பெற வழி திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் பெர்டுசுமாப் குழுவில் நூற்றுக்கு 37 பேரும், மற்றதில் 23 பேரும் உயிருடன் இருந்தனர்.