மங்குவது கோடா, கண்ணா?



முதலாம் ஆண்டு டிராயிங் வகுப்பில் எனக்கு ஒரு தொல்லை. படுக்கைக் கோடுகள் பளிச்சென்று இருக்கும்; செங்குத்துக் கோடுகள் மட்டும் நிழல் விழுந்தாற்போல் தடித்துத் தெரியும். "பென்சிலை நல்லா சீவுடா" என்றான் பக்கத்து நண்பன். சீவிச் சீவி பென்சில்தான் தீர்ந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் போர்டைக் கண்ணை இடுக்கிப் படித்த அன்றுதான் கோளாறு எங்கே என்று உறைத்தது. பரிசோதனையில் சொன்ன பெயர் அஸ்டிக்மாடிசம். தமிழில் பார்வைச் சிதறல் குறைபாடு.

அது என்ன? கண்ணின் முன்புறமுள்ள கார்னியா, பந்தைப் போல் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். சிலருக்கு முட்டையின் பக்கவாட்டைப் போல் ஒரு திசையில் வளைவு கூடியும், குறுக்குத் திசையில் குறைந்தும் இருக்கும். அப்போது ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் குவிவதில்லை. தூரம், கிட்டம் இரண்டுமே மங்கும், தலைவலியும் வரலாம்.

கணக்கைப் பாருங்கள். கார்னியாவின் வளைவு ஆரம் 7.8 மி.மீ. என்றால் திறன் சுமார் 43.3 டயாப்டர், 7.6 மி.மீ. என்றால் 44.4. வெறும் 0.2 மி.மீ. பிசகுக்கு ஒரு டயாப்டருக்கு மேல் வித்தியாசம்!

1801-இல் தாமஸ் யங் தன் கண்ணிலேயே இக்குறையை அளந்து கூறினார். ஜார்ஜ் ஏரி என்ற விஞ்ஞானி தன் இடது கண்ணுக்குத் தானே அளவெடுத்து, 1825-இல் உருளை வளைவுள்ள லென்ஸைச் செய்வித்துப் போட்டுக்கொண்டார். இன்றும் கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்பது அந்த உருளையின் திறன். 'ஆக்சிஸ்' என்பது அது நிற்க வேண்டிய கோணம். கோணம் 10 டிகிரி தவறினால் மூன்றில் ஒரு பங்கு குறை மீதி நிற்கும்; 30 டிகிரி தவறினால் போட்டும் பயனில்லை. ஆகவே கோணிய பிரேமோடு சுற்றாதீர்கள்!

நீங்களும் பார்க்கலாம். புரொட்ராக்டர் வைத்து, ஒரே மையத்திலிருந்து 30 டிகிரிக்கு ஒன்றாக, ஒரே தடிமனில் கோடுகள் போடுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். சில கோடுகள் மட்டும் கறுப்பாகவும், மற்றவை மங்கலாகவும் தெரிந்தால் உடனே கண் பரிசோதனைக்குப் போங்கள். முடிவு சொல்ல வேண்டியது பரிசோதனைதான். நம் திருச்சியிலேயே ஜோசப் கண் மருத்துவமனை 1934 முதல் இருக்கிறது.

'சோடாபுட்டி' என்று கிண்டல் பண்ணுவார்களே என்கிறீர்களா? அது நாலு நாளைக்குத்தான். எனக்கோ, 'இவனுக்கு டிராயிங் வராது' என்று நானே நம்பி ஒரு வருஷம் வீணாய்ப் போச்சு. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.