ஜூன் மாத ஆலோசனை: மதிய மணி வரை தாங்கும் டப்பா சாப்பாடு

கத்திரி முடிந்துவிட்டது, வெயில் முடியவில்லை. பள்ளி திறக்கும் ஜூனில் சென்னை, வேலூர், திருச்சி பக்கம் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். காலை 7 மணிக்கு நாம் மூடும் டப்பாவைப் பிள்ளை திறப்பது பன்னிரண்டரைக்கு. நடுவில் ஐந்தரை மணி நேரம் அது பைக்குள்ளும் வேனிலும் வகுப்பறை மூலையிலும் கிடக்கிறது. இந்த மாதம் எதைச் சமைப்பது என்று யோசிக்கும்போது, அந்த ஐந்தரை மணி நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஏன் கெடுகிறது?

5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெதுவெதுப்பாக மூடிய டப்பாவில் ஆவி வேர்த்து, சாதம் நசநசவென்று ஆகிவிடும். கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. ஆகவே சாப்பாடு சுடச்சுட இருக்க வேண்டும், அல்லது குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; இரண்டும் முடியாதபோது புளிப்பும் வறட்சியும் உள்ளதாக இருக்கட்டும்.

காலையில் செய்ய வேண்டியவை

- சூடாக அனுப்ப: ஹாட் பாக்ஸில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் சாதத்தை உடனே நிரப்பி இறுக மூடுங்கள்.
- குளிர்ச்சியாக அனுப்ப: சாதத்தை அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறியடியில் ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் இருந்த உறைதயிரைப் பிசையுங்கள். பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் விடும் வழக்கம் இப்போது வேண்டாம். டப்பாவை ஒட்டி, உறையவைத்த சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றை வையுங்கள்.
- சாதாரண டப்பாவில்: புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இவற்றையும் நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள்.
- ராத்திரி வெளியில் கிடந்த சாதத்தைத் தாளித்துக் கொடுக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த சாதத்திலும் உயிரோடிருக்கும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாசனையிலும் தெரியாது.

தவிர்க்க வேண்டியவை

தேங்காய்ச் சட்னி, தேங்காய் போட்ட பொரியல், கூட்டு, உருளைக்கிழங்கு மசாலா ஆகியவை வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். முட்டை, மீன், கறியைக் காலையிலோ இரவிலோ வீட்டில் சுடச்சுடக் கொடுங்கள்.

சத்து குறையாமல் இருக்க

புளிசாதத்தோடு வறுத்த வேர்க்கடலை, சாதாரண சாதத்தோடு பருப்புப்பொடியும் நெய்யும் என்று புரதத்துக்கு வழி பாருங்கள். இடைவேளைக்குக் கடலை உருண்டையோ, முருங்கைக்கீரை போட்ட அடையோ போதும். கூடவே ஒரு கொய்யாத் துண்டு அல்லது நெல்லிக்காய் வையுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலையும் முழுத் திராட்சையும் கூடாது, தொண்டையில் அடைக்கும். பழத்தை நறுக்கி, கடலையைப் பொடித்துக் கொடுங்கள்.

டப்பாவும் பாட்டிலும்

சூடான உணவுக்கு எவர்சில்வரே நல்லது. மூடியின் ரப்பர் வாஷரை தினமும் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். கறுப்புப் பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும். அச்சிட்ட செய்தித்தாளில் எதையும் மடித்துக் கொடுக்காதீர்கள். மை உணவில் ஒட்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுங்கள். பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால் காரணம் கேளுங்கள். கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு; அப்படியானால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

வாந்தி வந்தால்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும், அதில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை துவண்டு போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. சோறு மிச்சம் வந்தால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து, நொந்த சோற்றைச் சாப்பிட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "வாசனை மாறியிருந்தால் சாப்பிடாதே கண்ணு, அப்படியே கொண்டு வா, டீச்சரிடம் சொல்" என்று இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.