ஜீப் வண்டியின் டிரான்ஸ்பர் கேஸில் எண்ணெய்க் கசிவும் அதனை அடைக்கும் விதமும்

மலைத்தோட்ட வேலைக்கு உதவும் வாகனங்களுள் ஜீப் பிரதானமானது. போடிநாயக்கனூர், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களும் எருவும் அதிலேயே மலையேறுகின்றன. 1941-ஆம் ஆண்டில் இராணுவத்திற்கென வெளிவந்த வில்லீஸ் ஜீப்பின் அமைப்பைப் பின்பற்றிய பழைய வண்டிகளில், கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் வார்ப்பிரும்புப் பெட்டி உண்டு. எஞ்சினின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பங்கிட்டு அனுப்புவது இதன் தொழில். இதனுள் ஏறத்தாழ 1½ லிட்டர் 90-ஆம் எண் கியர் ஆயில் நிற்கும்.

இப்பெட்டியிலிருந்து சொட்டும் எண்ணெயை அநேகர் பொருட்படுத்துவதில்லை. எண்ணெயின் விலை சொற்பமே. அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. இவ்வகை வண்டிகளில் கைபிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புற ஷாப்டில் அமைந்திருக்கிறது. அவ்விடத்து ஆயில் சீல் தேய்ந்தால், எண்ணெய் நேரே பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைத்துவிடும். பிறகு ஆட்களோடு சரிவில் நிறுத்திய வண்டி, கைபிரேக் போட்டிருந்தும் நகரக்கூடும். எண்ணெய் தோய்ந்த லைனிங்கைத் துடைத்து மீண்டும் மாட்டுவது வீண். புதிதாக மாற்றுதலே தகும்.

கசிவின் மூலத்தை முதலில் அறிய வேண்டும். எண்ணெய் சொட்டுமிடம் வேறு, கசியுமிடம் வேறு. ஓட்டத்தில் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளுவதால், எஞ்சினின் கசிவுகூட இப்பெட்டியின்மேல் படிவதுண்டு. ஆகவே பெட்டியை மண்ணெண்ணெயால் கழுவி, நன்கு உலர்த்தி, முகப்பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், எண்ணெய் புறப்படும் இடம் ஈரக்கோடாகத் தெரியும்.

பெட்டியைப் பிரிக்குமுன் பார்க்க வேண்டியவை இரண்டு. பெட்டியின் உட்காற்று வெளியேறும் பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால், சூட்டில் காற்று விரிந்து நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்வதோடு கசிவு நின்றுவிடுவதும் உண்டு. இரண்டாவது எண்ணெய் மட்டம். மட்டத்துளையைத் திறந்ததும் எண்ணெய் பீறிட்டு வழிய, கியர் பெட்டியிலோ எண்ணெய் குறைந்திருக்குமாயின், இரண்டிற்கும் இடையிலுள்ள தடுப்பு கெட்டுவிட்டதென்று கொள்ளலாம். அப்போது வெளியே எதைப் பூசினாலும் பயனில்லை.

அடித்தகட்டின் ஓரத்தில் கசிவு எனில் சிலிக்கன் பசை தக்க பரிகாரம். எண்ணெயை வடித்துத் தகட்டைக் கழற்ற வேண்டும். போல்ட்டுகளை முன்பு அளவுக்கு மீறி முறுக்கியதால் துளைகளைச் சுற்றித் தகடு பிதுங்கியிருப்பது பெரும்பாலும் காணப்படும். சமமான இரும்பின்மேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூசிய பசை நிலைப்பது அரிது. பழைய காஸ்கெட்டைச் சுரண்டி, இரு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதுமின்றித் துடைக்க வேண்டும். புளிக்காடி வாசனை வீசும் சாதாரணச் சிலிக்கன் இரும்பைத் துருவேற்றும். கியர் ஆயிலைத் தாங்குமெனக் குறிப்புள்ள பசையே வாங்கத்தக்கது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் பருமனில், இடையறாத ஒரே கோடாக, துளைகளின் உட்புறமாய்ச் சுற்றி இட வேண்டும். மிகுதியாக இட்டால் உள்ளே பிதுங்கி, அறுந்து எண்ணெயில் கலக்கும். போல்ட் துளை பெட்டியினுள் வரை திறந்திருந்தால் மரைக்கும் சிறிது பசை வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குவது முறை. இப்பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஆதலால் 24 மணி நேரம் கழிந்தபின் எண்ணெய் ஊற்றுதல் நலம். அன்றே வண்டி வேண்டுமென்று அவசரப்படுவோர் மறுவாரமே மீண்டும் தகட்டைக் கழற்ற நேரும்.

சுழலும் ஷாப்டைச் சுற்றிப் பசையைப் பூசும் வழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. அது முற்றும் தவறு. அசையாத இரு முகங்களையே பசை இணைக்கும். ஷாப்டுக்குப் புதிய சீல் வேண்டும்; அதன் உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்க வேண்டும். சீல் உரசுமிடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலும் ஒழுகும். அங்கு மெல்லிய எஃகு உறை போடலாம். பின்புறப் பேரிங் மூடியினடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகள் பேரிங்கின் அசைவை அளவாக வைப்பவை. அவற்றைத் தள்ளிவிட்டு, பதிலாகப் பசையைத் தடிக்கப் பூசினால் அவ்வளவு கெட்டு, பேரிங் விரைவில் அழியும். கழற்றிய ஷிம்களை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்து, அதே கணக்கில் மாட்டுக.

மட்டத்துளை வரை எண்ணெய் ஊற்றி, ஒருநாள் ஓட்டியபின் தகட்டின் ஓரத்தையும் பிரேக் டிரம்மின் அடியையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.