ஒரு பெயர், இரு பொருள்



நஜ்மாவில் கூடும் நமது வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருப்பின், தந்தையின் முதலெழுத்தைச் சேர்த்து அழைக்கின்றோம். கணினி நிரலிலும் இவ்விடர் உண்டு.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972 அளவில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய ‘சி’ மொழியே, சலவை இயந்திரம் முதலிய சாதனங்களுள் அமைந்த சிறு கணினிகள் பலவற்றை இன்றும் இயக்குகின்றது. நிரலைப் பல கோப்புகளாக எழுதுவர். தொகுப்பி அவற்றைத் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றும். பின்னர் அவற்றையும் கணித நூலகத்தையும் ஒன்றுசேர்ப்பது இணைப்பி. ஒரே பெயருக்கு இரு வரைவிலக்கணங்களைக் கண்டால், அவை இருக்கும் கோப்புகளைச் சுட்டிவிட்டு இணைப்பி நின்றுவிடும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. முதலாவது, ஒன்றே பலவாகப் பிரதியாதல். தலைப்புக் கோப்பில் ஒரு மாறியை வரையறுத்து, அதனைப் பல கோப்புகளில் சேர்த்தால் இவ்வாறு நிகழும். தலைப்புக் கோப்பில் ‘எக்ஸ்டர்ன்’ என்ற சொல்லுடன் அறிவிப்பை மட்டும் வைத்து, வரைவிலக்கணத்தை ஒரே கோப்பில் எழுதுதல் வேண்டும். தொடக்க மதிப்புத் தரப்படாத இத்தகைய மாறிகளை ‘ஜிசிசி’ தொகுப்பி முன்னர் ஓசையின்றி ஒன்றாக்க இடமளித்தது. 2020 இல் வெளிவந்த 10 ஆம் பதிப்பில் அவ்வழக்கம் மாறியதால், பழைய நிரல்கள் பல பிழை காட்டின.

இரண்டாவது, பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாதல். இருவர் எழுதிய கணிதக் கோப்புகளில் ஒரே பெயருள்ள சைன் சார்பு இருக்கின்றது. ஒன்று கோணத்தைப் பாகையிலும் மற்றையது ஆரையனிலும் ஏற்கின்றது எனக் கொள்வோம். 30 பாகையின் சைன் 0.5. 30 ஆரையனின் சைன் ஏறத்தாழ −0.988. “முதலிற் கண்டதை எடு” என இணைப்பிக்குக் கட்டளையிட வழியுண்டு. பிழைச்செய்தி மறையும், ஆனால் சாதனம் தவறான விடையைத் தரக்கூடும். இங்கே பெயர்களுக்கு வெவ்வேறு முன்னொட்டு இடுதலே முறை. ஒரு கோப்புக்குள் மட்டும் பயன்படும் சார்பாயின் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லை முன்னே எழுதினால், அப்பெயர் வெளியே தெரியாது.

நான் அகதியாக வாழ்ந்த முகாமில், ஒரே பெயர் இருமுறை இருந்தமையால் ‘இரட்டைப் பதிவு’ என ஒன்றை வெட்டிவிட்டனர். அவ்விருவரும் வெவ்வேறு ஊரவர். தந்தையர் பெயரும் வேறு. எவரும் விசாரிக்கவில்லை. பெயர் திருத்தப்படும்வரை ஒரு குடும்பத்துக்கு அரிசி கிடைக்கவில்லை. அயலவரே சோறு கொடுத்தனர்.

ஆதலால் பிள்ளைகளே, இணைப்பி பிழை காட்டியவுடன் ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரு கோப்புகளையும் திறந்து படியுங்கள். பிரதியாயின் ஒன்றை நீக்குங்கள். வேறாயின் இரண்டுக்கும் உரிய பெயர் கொடுங்கள்.