அழித்தாலும் திரும்பி வரும் வேவு நிரல்கள்

கடைக் கணக்கையும் வங்கி வேலையையும் வீட்டுக் கணிப்பொறியிலேயே முடிக்கும் வணிகப் பெருமக்கள் இன்று பலர். அதே கணிப்பொறியில் பிள்ளைகள் இலவச விளையாட்டை இறக்கும்போது விளம்பர நிரலும் வேவு நிரலும் கூடவே நுழைந்துவிடுகின்றன. நீக்கினாலும் மறுநாள் முளைக்கும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு கட்டளையைப் பதுக்கி வைத்திருக்கும். நீக்கிய நிரலை அக்கட்டளை மறுபடி இறக்கிவிடும்.

முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக் கடவுச்சொல்லைச் செல்பேசியில் மாற்றுங்கள். அக்கணிப்பொறியில் மாற்றினால் புதியதும் களவு போகும். பணமே போயிருந்தால் வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

பிறகு, நீங்கள் போடாத நிரல்களை நீக்கி, டாஸ்க் ஷெட்யூலரையும் குரோம் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். பெயர் புரியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பிரிண்டருக்கு உரிய கட்டளையும் அங்கே இருக்கலாம்!

"வைரஸ் உள்ளது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை மூலையில் வருவது, பல நேரம் ஏதோ ஒரு தளத்துக்கு நாமே 'அல்லோ' அழுத்தியதன் பலன்தான். அழைக்க வேண்டாம், குரோம் செட்டிங்ஸில் அந்த அனுமதியை ரத்து செய்தால் நின்றுவிடும்.

கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன்பே சோதிப்பதால் நிரலுக்கு ஒளிய இடம் குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் கணக்கைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள்.