8 விழுக்காடு இழை

கடந்த ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் கபடி மாணவிகளின் காற்சட்டைகளில் செம்மண் கறை. "ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ராத்திரி முழுக்க ஊற வைங்கம்மா" என்று சொன்னது நான்தான். காலையில் கறை போயிருந்தது. துணியின் இழுவையும் போயிருந்தது. இடுப்பிலும் முழங்காலிலும் தொளதொளவென்று தொங்கின. "செயற்கை இழை சீக்கிரம் கெடாதுன்னு பாடத்துல சொன்னீங்களே டீச்சர்?" என்றாள் அணித்தலைவி. என்னிடம் பதிலில்லை. பழைய பருத்திக் காற்சட்டையோடுதான் ஆடினார்கள்.

உள்பக்கம் தைத்திருந்த சீட்டை அப்புறம்தான் படித்தேன். பாலியஸ்டர் 92, ஸ்பான்டெக்ஸ் 8 விழுக்காடு. கீழே முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: வெளுப்பான் கூடாது என்று பொருள்.

ஏழாம் வகுப்பில் பலபடி வேதியியல் நடத்தும்போது நைலான், பாலியஸ்டரோடு நிறுத்திவிடுவேன். இப்போது ஸ்பான்டெக்ஸுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன். ரப்பருக்கு மாற்றாக 1958இல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷைவர்ஸ் உருவாக்கிய இழை இது. லைக்ரா என்பது அதன் வணிகப் பெயர்.

பழைய லெக்கின்ஸின் வெட்டிய ஓரத்தைப் பிரித்தால் மெல்லிய வெள்ளை இழை தனியாக வரும். மாணவர்கள் இழுத்து அளந்தார்கள். 2 செ.மீ. இழை 10 செ.மீ. வரை நீண்டு, விட்டதும் சுருங்கியது. பருத்தி நூல் அசையவே இல்லை.

காரணத்தை மைதானத்தில் காட்டினேன். நான்கு நான்கு பேர் இறுகக் கைகோத்து நின்றால் அது மூலக்கூறின் கடினப் பகுதி. குழுக்களுக்கு இடையே சுருண்டு கிடக்கும் ஸ்கிப்பிங் கயிறு நெகிழ் பகுதி. குழுக்கள் விலக, கயிறு நிமிரும். கயிறு தானாகச் சுருளாது, இழை சுருளும். இந்த வேறுபாட்டையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். குளோரின் இந்தச் சங்கிலியைத் துண்டிக்கிறது. அறுந்த சங்கிலியால் துணியைப் பழைய அளவுக்கு இழுத்துவர முடியாது. பாலியஸ்டர் அப்படியே இருந்தும் துணி தொங்கியது இதனால்தான்.

ஒரு துண்டை வெறும் நீரிலும் இன்னொன்றை ப்ளீச்சிங் கரைசலிலும் ஒரு நாள் வைத்து ஒப்பிடலாம். கரைசலை ஆசிரியரே, காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும். எரித்துப் பார்க்கும் சோதனை இதில் வேண்டாம். உருகி ஒட்டும், புகையும் நல்லதல்ல.

இந்த ஆண்டுக் காற்சட்டைகளை அணித்தலைவி நிழலில்தான் காயப்போடுகிறாள். வியர்வை உப்பும் இழையைக் கெடுக்குமா என்று கேட்டாள். இரண்டு துண்டுகளை உப்புநீரில் போட்டு வைத்திருக்கிறோம்.