பிரிஞ்சி இலை: நரம்பைப் பார்த்து வாங்குவோம்

பட்டையை ஒடித்துப் பார்க்கிறோம், ஏலத்தை உரித்துப் பார்க்கிறோம். பிரிஞ்சி இலை என்றால் மட்டும் மூட்டையைப் பிரிக்காமலே பில் போடச் சொல்கிறோம். சின்னச் சரக்குதானே என்ற எண்ணம்! பிரியாணியில் வாசனை வராவிட்டால் வாடிக்கையாளர் குறை சொல்வது நம் கடையைத்தான்.

பிரிஞ்சி மரம் பட்டை மரத்தின் இனம். இமயமலை அடிவாரம், நேபாளம், சிக்கிம், மேகாலயா ஆகிய பகுதிகளில் விளைகிறது. மேகாலயாவின் காசி மலைப்பகுதியில் தோட்ட மரமாகவே வளர்க்கிறார்கள். மழை ஓய்ந்து அக்டோபர் முதல் மார்ச் வரை இலை பறிப்பு. மூன்று நான்கு நாள் வெயிலில் காய்ந்ததும் கட்டுகளாகக் கட்டி அனுப்புவார்கள்.

இனி அடையாளம். இலையின் காம்பருகிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாக்கில் நுனியை நோக்கி ஓட வேண்டும். நடுவே ஒரே நரம்பும், பக்கவாட்டில் சிறு கிளை நரம்புகளும் இருந்தால் அது மத்தியதரைக்கடல் நாடுகளின் 'பே' இலை. அது போலிச் சரக்கல்ல. மேல்நாட்டுச் சமையலுக்கு உரியது. அதன் வாசனை யூகலிப்டஸ் பக்கம் போகும். நம் இலையில் பட்டையும் கிராம்பும் கலந்த மணம் வரும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுதான் தவறு.

நரம்பு மட்டும் போதாது. பட்டை மரத்தின் இலைக்கும் மூன்று நரம்பு உண்டு. ஆகவே இரண்டாகக் கிழித்து மோந்து பார்ப்பதே கடைசிச் சோதனை. மணமே இல்லாவிட்டால் பழைய சரக்கு, அல்லது எண்ணெய் வடித்தெடுத்த சக்கை.

நாட்டு மருந்துக் கடையில் இதற்கு இலவங்கப்பத்திரி என்று பெயர். பட்டை, ஏலம், இந்த இலை மூன்றும் சேர்ந்ததை ஆயுர்வேதத்தில் திரிஜாதகம் என்பார்கள். மருந்துச் சீட்டோடு வருபவருக்குத் தாளிசபத்திரியைக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. அது ஊசியிலை மரத்தின் இலை, முற்றிலும் வேறு சரக்கு.

இலை எடையில்லாத சரக்கு. ஈரம் ஏறினால் எடை கூடும். லாபம் என்று நினைக்க வேண்டாம், பூசணம் பிடித்துவிடும். கையில் மடக்கினால் சடசடவென ஒடிய வேண்டும், துவளக் கூடாது. வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் நிறமும் மணமும் போய்விடும். சோப்பு, கற்பூரம், பெருங்காயம் இவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது. மூட்டை அடியில் நொறுங்கியதைத் தனியே சலித்து, மண் நீக்கி, மசாலா அரைப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். முழு இலைப் பாக்கெட்டில் அதைக் கலக்க வேண்டாம்.